வரலாற்று வினாவுக்கு விடை எழுதுவது எப்படி? ஆதி மனிதன் முதல் விடுதலைப் போராட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வரலாற்றுத் தேர்வில் மதிப்பெண் குறைவதற்குப் படிக்காமல் போவது மட்டுமே காரணமன்று. ஆண்டுகளையும் பெயர்களையும் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குப் படித்துவிட்டு, வினா கேட்டதை விட்டுத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதி வைக்கும் மாணவரும் பாதி மதிப்பெண்ணோடுதான் திரும்புகிறார். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 6ஆம் வகுப்பில் ஆதி மனிதரில் தொடங்கி, 10ஆம் வகுப்பில் உலகப் போர்களையும் தேசிய இயக்கத்தையும் தொடும் மாணவர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இதன் அடிப்படைக் கருத்து ஒன்றே. ஒரு காலத்தைப் பற்றி நமக்கு எவ்வகைச் சான்று கிடைத்திருக்கிறதோ, அந்தச் சான்றுக்கு ஏற்பவே அக்காலம் பற்றிய விடையும் அமைய வேண்டும். கற்காலத்தைப் பற்றி எழுதுவது போலக் காந்திய காலத்தைப் பற்றி எழுத இயலாது. சோழர் காலத்தைப் பற்றி எழுதுவது போலச் சிந்துவெளியைப் பற்றியும் எழுத இயலாது.

படி 1: வினா என்ன செய்யச் சொல்கிறது?

ஒவ்வொரு வினாவிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று பொருள், மற்றொன்று அப்பொருளைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்னும் ஏவல். மாணவர்கள் பெரும்பாலும் பொருளைக் கண்டவுடன் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் உலகப்போருக்குப் பின் செய்துகொள்ளப்பட்ட வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். “வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் சரத்துகளைக் கூறுக” என்றால், 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான அந்த உடன்படிக்கை விதித்தவற்றை வரிசையாக எழுதினால் போதும்: போருக்கான பொறுப்பு ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தப்பட்டது, அல்சேஸ்-லொரைன் பிரான்சுக்குத் திரும்பியது, ஜெர்மனியின் படை ஒரு லட்சம் பேராகக் குறைக்கப்பட்டது, ரைன்லாந்தில் படை நிறுத்தத் தடை விதிக்கப்பட்டது, குடியேற்ற நாடுகள் பறிக்கப்பட்டன. “அவ்வுடன்படிக்கை ஜெர்மனியில் ஏற்படுத்திய விளைவுகளை விளக்குக” என்றால் சரத்துகளை இரண்டு வரியில் முடித்துவிட்டு, இழப்பீட்டுச் சுமை, 1923இல் உச்சத்தைத் தொட்ட பணவீக்கம், மக்களிடையே எழுந்த அவமான உணர்வு ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். “இரண்டாம் உலகப்போருக்கு இவ்வுடன்படிக்கையே வித்திட்டது என்பதை நிறுவுக” என்றால், 1936இல் ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பியது போன்ற செயல்களை உடன்படிக்கையின் சரத்துகளோடு இணைத்துக் காட்ட வேண்டும். பாடப்பகுதி மூன்றுக்கும் ஒன்றுதான் என்றாலும் விடைகள் மூன்றும் வெவ்வேறானவை.

ஆகவே எழுதுகோலை எடுத்தவுடன் ஏவல் சொல்லின் கீழ் ஒரு கோடு இடுங்கள். “கூறுக”, “எழுதுக”, “பட்டியலிடுக” என்பவை செய்தியைக் கேட்கின்றன. “விவரி” என்பது செய்தியை ஒழுங்கோடும் விரிவோடும் கேட்கிறது. “விளக்குக” என்பது ஏன், எப்படி என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. “ஆராய்க”, “மதிப்பிடுக” என்பவை, இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து மாணவர் ஒரு முடிவுக்கு வருவதை எதிர்பார்க்கின்றன. பல காரணங்களை எழுதிவிட்டு எது முதன்மையானது என்று சொல்லாமல் விடுவது, ஆராயச் சொன்ன வினாவுக்குப் பட்டியலைத் தருவதாகும். திருத்துபவர் அதற்கு முழு மதிப்பெண் தரத் தயங்குவார்.

வினாவிலுள்ள காலவரம்பையும் இடவரம்பையும் கவனியுங்கள். “தமிழகத்தில் விடுதலைப் போராட்டம்” என்று கேட்டிருக்கும்போது, காந்தியடிகள் உப்புச் சட்டத்தை மீறிய தண்டியிலேயே நின்றுவிடும் விடைகள் ஏராளம். அங்கே கேட்கப்படுவது, தமிழகத்தில் அச்சட்டம் மீறப்பட்ட வேதாரண்யம்.

படி 2: காலத்தில் நிறுத்துதல்

நிகழ்ச்சியின் ஆண்டு தெரிந்தாலும் நூற்றாண்டில் தவறும் மாணவர்கள் பலர். 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 18ஆம் நூற்றாண்டில். 1800ஆம் ஆண்டும் 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டே தவிர 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டன்று. பராந்தகச் சோழனின் 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டுக்குரியது.

கி.மு. ஆண்டுகள் பின்னோக்கி எண்ணப்படுகின்றன என்பதையும் மனத்தில் இருத்த வேண்டும். சிந்துவெளி நாகரிகம் கி.மு. 3300 முதல் கி.மு. 1900 வரை என்று பாடநூலில் படிக்கும்போது, 3300 முந்தையது என்றும் 1900 பிந்தையது என்றும் உடனே தோன்ற வேண்டும். இடைப்பட்ட காலத்தைக் கழித்தால் 1,400 ஆண்டுகள். கி.மு.விலிருந்து கி.பி.க்குக் கடக்கும் கணக்கில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. இடையில் சுழிய ஆண்டு இல்லாததால் இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டார் என்றால், 27ஐயும் 14ஐயும் கூட்டி ஒன்றைக் கழிக்க 40 ஆண்டுகள். பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்), பொ.ஆ. (பொது ஆண்டு) என்று எழுதுவோர் விடைத்தாள் முழுவதும் அவ்வாறே எழுதலாம். ஒரே விடையில் இரு முறைகளையும் கலப்பது மட்டும் கூடாது.

காலக்கோடு வரையும் வினாவுக்கும் இதே கவனம் போதும். முதலில் நிகழ்ச்சிகளை வெற்றிடத்தில் ஆண்டு வரிசைப்படி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அளவுகோலைத் தீர்மானித்து, அதைக் கோட்டின் ஓரத்தில் குறியுங்கள். 1910 முதல் 1930 வரையிலான நிகழ்வுகளுக்கு ஓர் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் என்று வைத்தால் பத்து சென்டிமீட்டரில் கோடு அடங்கிவிடும்.

படி 3: சான்றுக்கு ஏற்ற விடை

எழுத்து இல்லாத காலம்

ஆதி மனிதர் பற்றிய வினாக்களில் அரசர் பெயரோ, போரோ, துல்லியமான ஆண்டோ கிடையாது. இருப்பவை கருவிகள், எலும்புகள், சாம்பல், பாறை ஓவியங்கள், தானிய மணிகள். எனவே இக்காலத்து விடை, பொருளிலிருந்து வாழ்க்கைக்குச் செல்லும் விடையாக இருக்க வேண்டும். கண்டெடுக்கப்பட்டது என்ன, அது எதனால் ஆனது, எதற்குப் பயன்பட்டிருக்கும், அதிலிருந்து அம்மக்களின் வாழ்க்கை பற்றி என்ன தெரிகிறது என்று நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு எழுதினால் விடை தானாக உருவாகும்.

தமிழகத்துப் பழங்கற்காலம் பற்றிய வினாவைப் பாருங்கள். 1863இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. அண்மைக்கால ஆய்வுகள் அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று காட்டியுள்ளன. இதை எழுதும் மாணவர் இங்கேயே நின்றுவிடக் கூடாது. கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் குவார்ட்சைட் கல்லைச் செதுக்கிச் செய்யப்பட்டவை; வேட்டையாடிய விலங்கை அறுக்கவும் கிழங்கைத் தோண்டவும் அவை உதவியிருக்கும்; நீரும் கல்லும் ஒருசேரக் கிடைக்கும் ஆற்றோரத்தை மக்கள் நாடியிருக்கிறார்கள் என்று கருவியிலிருந்து மனிதரை நோக்கி விடை நகர வேண்டும். “பயன்பட்டிருக்கும்”, “எனக் கருதப்படுகிறது” போன்ற வினைமுற்றுகள் இங்கே பொருத்தமானவை, ஏனெனில் கருவி கிடைத்திருக்கிறதே தவிர அதைப் பயன்படுத்தியவர் எழுதி வைத்த குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை.

மனிதப் பரிணாமம் பற்றிய விடைகளில் இரண்டு பிழைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இன்றைய குரங்கிலிருந்து மனிதன் தோன்றினான் என்று எழுதுவது தவறு. மனிதருக்கும் சிம்பன்சி போன்ற மனிதக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையர் இருந்தனர் என்பதே சரி. ஆஸ்ட்ரலோபித்திகஸ், ஹோமோ ஹெபிலிஸ், ஹோமோ எரக்டஸ், ஹோமோ சேப்பியன்ஸ் ஆகியோரை ஒருவர் மறைந்த பின் மற்றவர் வந்ததாக எழுதுவதும் தவறு. நியாண்டர்தால் மனிதரும் ஹோமோ சேப்பியன்சும் சில காலம் ஒரே நேரத்தில் வாழ்ந்தவர்கள்.

புதிய கற்காலம் ஏன் ஒரு புரட்சி என்று கேட்டால், மெருகேற்றிய கற்கருவிகளை மட்டும் எழுதினால் போதாது. உணவைத் தேடி அலைந்தவர்கள் உணவை விளைவிக்கத் தொடங்கியதும் ஓரிடத்தில் தங்கினார்கள். தங்கியதால் தானியத்தைச் சேமிக்கவும் சமைக்கவும் மட்கலம் தேவைப்பட்டது. உபரி கிடைத்ததால் சிலர் வேளாண்மையை விட்டுப் பிற தொழில்களுக்குச் செல்ல முடிந்தது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு கோத்து எழுதி, பையம்பள்ளி அகழாய்வில் கிடைத்த கொள்ளு, பச்சைப்பயறு போன்ற சான்றையும் சேர்த்தால் ஐந்து மதிப்பெண்ணும் உறுதி.

எழுத்து உண்டு, படிக்க இயலவில்லை

எழுத்து இல்லாத காலத்துக்கும் படிக்கக்கூடிய எழுத்துள்ள காலத்துக்கும் நடுவில் நிற்கிறது சிந்துவெளி. ஹரப்பாவை 1921இல் தயாராம் சாஹ்னி அகழ்ந்தார். அடுத்த ஆண்டு மொகஞ்சதாரோவில் ஆர்.டி. பானர்ஜி பணியைத் தொடங்கினார். 1924இல் ஜான் மார்ஷல் இந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். முத்திரைகளில் எழுத்துகள் இருந்தும், எல்லோரும் ஏற்கும்படி அவை இன்னும் படிக்கப்படவில்லை. ஆகையால் செங்கோணத்தில் சந்திக்கும் தெருக்கள், சுட்ட செங்கல், மூடிய வடிகால், மொகஞ்சதாரோவின் பெருங்குளம், லோத்தலின் கப்பல் துறை ஆகியவற்றைத் திட்டமாக எழுதலாம். அரசமைப்பு, சமயம், வீழ்ச்சிக்கான காரணம் ஆகியவற்றை எழுதும்போது கருத்தாகவே எழுத வேண்டும். செம்பும் வெண்கலமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன; இரும்பு தெரியாது. இந்த ஒரு செய்தியை மாற்றி எழுதி ஒரு மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

பாட்டும் கல்வெட்டும் அயலார் குறிப்பும்

சங்க காலம் என் கருத்தில் மாணவர்கள் மிகச் சிறப்பாக எழுதக்கூடிய பகுதி, ஏனெனில் ஒரே செய்தியைப் பல திசைகளிலிருந்து உறுதிசெய்ய முடிகிறது. ரோமானியரோடு நடந்த வணிகம் பற்றிக் கேட்டால், யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு சொல்கிறது. செங்கடலிலிருந்து இந்தியக் கரை வரையிலான துறைமுகங்களைக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ் விவரிக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியச் சாடிகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. தமிழ்நாட்டில் பல இடங்களில் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்துள்ளன. இலக்கியம், அயலார் குறிப்பு, அகழாய்வு, நாணயம் என்று நான்கு வகைச் சான்றுக்கும் ஒவ்வொரு எடுத்துக்காட்டுத் தரும் விடை, “தமிழர் ரோமோடு வணிகம் செய்தனர்” என்பதையே ஐந்து விதமாகத் திருப்பி எழுதும் விடையிலிருந்து தனித்து நிற்கும். சேர சோழ பாண்டியரைப் பற்றி எழுதும்போது, அசோகரின் 2ஆம் பாறைக் கல்வெட்டு அவர்களைத் தம் ஆட்சிக்கு வெளியே உள்ளவர்களாகக் குறிப்பிடுவதை ஒரு வரி சேர்க்கலாம்.

சோழர் காலத்துக்கு வரும்போது கல்வெட்டே முதன்மைச் சான்றாகிவிடுகிறது. உத்திரமேரூர் பற்றிய வினா அடிக்கடி வருவதால் சற்று நின்று பார்ப்போம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், கிராம சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது சிறு பிரிவுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதும், வேதக் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்வளவையும் எழுதிய மாணவர், உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஒரு பிரமதேய ஊர் என்பதையும், எனவே நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆடவருக்கே வாய்ப்பிருந்தது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்தால், விடை மதிப்பீட்டு நிலைக்கு உயர்ந்துவிடும். அக்காலத்து எல்லா ஊர்களிலும் எல்லா மக்களும் வாக்களித்தார்கள் என்று எழுதுவதற்குக் கல்வெட்டு இடம் தரவில்லை.

டெல்லி சுல்தானியம், விஜயநகரம், முகலாயர் ஆகிய பகுதிகளில் வரிசைதான் மாணவரைத் தடுமாறச் செய்கிறது. 1206, 1336, 1526, 1565 ஆகிய நான்கு ஆண்டுகளைத் தூண்களாக நட்டுக்கொள்ளுங்கள்: டெல்லி சுல்தானியத்தின் தொடக்கம், விஜயநகரத்தின் தோற்றம், முதலாம் பானிபட் போர், தலைக்கோட்டைப் போர். மற்ற ஆட்சியாளர்களை இவற்றுக்கு இடையே பொருத்திப் பழகினால் குழப்பம் நீங்கும்.

படி 4: காரணங்களைப் பிரித்து எழுதுதல்

ஐரோப்பியர் வருகைக்குப் பிறகு ஆவணங்கள் பெருகுகின்றன. நாளும் பெயரும் துல்லியமாகக் கிடைக்கின்றன. இங்கே மாணவரின் சிக்கல் செய்தி குறைவு அன்று, மிகுதி. அதனால் காரணம் கேட்கும் வினாக்களில் நீண்டகாலக் காரணங்களையும் உடனடிக் காரணத்தையும் பிரிப்பதே விடையின் முதுகெலும்பு. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு கொல்லப்பட்டது முதல் உலகப்போரின் உடனடிக் காரணம். ஆனால் அணி சேர்ந்த வல்லரசுகளும், குடியேற்ற நாடுகளுக்கான போட்டியும், படைப் பெருக்கமும், பால்கன் பகுதியின் தேசிய உணர்வும் இல்லாதிருந்தால், அந்தக் கொலை உலகப்போராக விரிந்திருக்காது.

வேலூர்ப் புரட்சியின் காரணங்களையும் போக்கையும் விவரிக்கும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒரு மாதிரி விடையை இங்கே தருகிறேன்.

“1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது வேலூர்ப் புரட்சி எனப்படுகிறது. பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்டதாலும், திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்ததாலும், தென்னிந்தியாவில் நிலத்தையும் பதவியையும் இழந்தோரிடையே கசப்பு நிலவியது. திப்புவின் மைந்தர்கள் வேலூர்க் கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்தது அக்கசப்புக்கு ஒரு மையத்தைத் தந்தது. இந்நிலையில் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் வந்த புதிய விதிகள், சமயக் குறிகளையும் காதணிகளையும் தடைசெய்து, தாடியை மழிக்க ஆணையிட்டு, தோலால் ஆன இலச்சினை பொருத்திய புதிய தலைப்பாகையை அணியக் கட்டாயப்படுத்தின. இதுவே உடனடிக் காரணம். மே மாதத்தில் தலைப்பாகையை ஏற்க மறுத்த வீரர்களுக்குக் கசையடி தரப்பட்டும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் தாக்குதல் நடத்தி, கோட்டைப் படையின் தலைவர் கர்னல் பேன்கோர்ட் உட்படப் பலரைக் கொன்றனர். மைசூர் சுல்தானியத்தின் புலிக்கொடியை ஏற்றினர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லஸ்பி அன்றே கோட்டையை மீட்டு, கிளர்ச்சியைக் கடுமையாக ஒடுக்கினார். பின்னர்த் திப்புவின் குடும்பத்தினர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். புதிய விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.”

இவ்விடையின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் வாக்கியமே நாளையும் இடத்தையும் ஈடுபட்டவர்களையும் சொல்லிவிடுகிறது. அடுத்த இரண்டு வாக்கியங்கள் நீண்டகாலக் காரணங்கள். அதன்பின் உடனடிக் காரணம், அது உடனடிக் காரணம் என்ற குறிப்போடு வருகிறது. போக்கு நான்கு வாக்கியங்களுக்குள் அடங்குகிறது. வினாவில் விளைவு தனியாகக் கேட்கப்படாததால் அது மூன்று சிறு வாக்கியங்களில் முடிகிறது. “இப்புரட்சி 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு முன்னோடி” என்னும் கருத்தை எழுத விரும்புவோர், இரண்டிலும் சமய உணர்வைப் புண்படுத்திய படைத்துறை ஆணை இருந்தது என்ற ஒப்புமையையும் சேர்த்து எழுத வேண்டும். வேலூரில் தலைப்பாகை, 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா. ஒப்புமை சொல்லாமல் முன்னோடி என்று மட்டும் எழுதினால் அது வெற்று முழக்கமாகிவிடும்.

படி 5: வேறுபடுத்துக, ஒப்பிடுக

வேறுபாடு கேட்கும் வினாக்களில் ஒரு பக்கம் தலைவரையும் மறுபக்கம் விளைவையும் எழுதினால் அது வேறுபாடே அன்று. இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். உப்புச் சட்ட மீறலில் தண்டியையும் வேதாரண்யத்தையும் ஒப்பிடுவதானால், தலைமை, புறப்பட்ட இடம், நாள், உப்புச் சட்டம் மீறப்பட்ட நாள் என்று அளவுகோல்களை முதலில் இடப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். தண்டிப் பயணம் காந்தியடிகள் தலைமையில் சபர்மதி ஆசிரமத்திலிருந்து 1930 மார்ச் 12 அன்று புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று சட்டத்தை மீறியது. வேதாரண்யப் பயணம் ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏப்ரல் 13 அன்று புறப்பட்டு, ஏப்ரல் 30 அன்று சட்டத்தை மீறியது. ஒவ்வொரு வரியும் எதிர்வரியோடு பொருந்துவதைத் திருத்துபவர் ஒரே பார்வையில் காண்பார்.

படி 6: ஒரு மதிப்பெண் வினாக்களும் கூற்று-காரணமும்

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் குறித்துவிட்டு, ஐயமுள்ளவற்றுக்குப் பின்னர்த் திரும்பலாம். நான்கு விருப்பங்களில் காலத்தால் பொருந்தாததை முதலில் நீக்குங்கள்; பல வேளைகளில் இரண்டு விருப்பங்கள் அப்போதே விழுந்துவிடும்.

கூற்று-காரண வினாவில் மூன்று சோதனைகள் தேவை. கூற்று தனித்து நின்றால் சரியா? காரணம் தனித்து நின்றால் சரியா? இரண்டுக்கும் நடுவே “ஏனெனில்” என்ற சொல்லை வைத்துப் படித்தால் பொருந்துகிறதா? “1922இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார்” என்பது கூற்று. “சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டுக் காவலர்கள் உயிரிழந்தனர்” என்பது காரணம் என்றால், காரணம் கூற்றை விளக்குகிறது. அதற்குப் பதிலாக “1919இல் ஜாலியன்வாலா பாக்கில் படுகொலை நடந்தது” என்று கொடுத்திருந்தால், இரண்டும் உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றை விளக்கவில்லை. மூன்றாவது சோதனையைச் செய்யாமல் விடுவோர் இங்கேதான் தவறுகிறார்கள்.

படி 7: நேரமும் அளவும்

100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கிறது. ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் இறுதியில் 30 நிமிடம் மிஞ்சும். வரைபடத்துக்கும் சரிபார்ப்புக்கும் அந்த நேரம் தேவைப்படும். இக்கணக்கில் இரண்டு மதிப்பெண் விடைக்கு 3 நிமிடம், ஐந்து மதிப்பெண் விடைக்கு 7 அல்லது 8 நிமிடம், எட்டு மதிப்பெண் விடைக்கு 12 நிமிடம். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இரண்டு தெளிவான செய்திகள் போதும். அங்கே அரைப்பக்கம் எழுதுவதால் கூடுதல் மதிப்பெண் கிடைக்காது, ஆனால் பின்னால் வரும் ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய நேரம் பறிபோகும். வினாத்தாளைப் படிக்கத் தனியே தரப்படும் நேரத்தில், எழுதப்போகும் வினாக்களைத் தேர்ந்து, ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் நான்கு முக்கியச் சொற்களை மனத்துக்குள் அடுக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

வரைபடத்தில் இடத்தின் பெயரைக் கடலுக்குள்ளோ நிலத்தின் நடுவிலோ மிதக்க விடாமல், புள்ளி வைத்து அதன் அருகிலேயே எழுதுங்கள். கடற்கரை ஊர்களைக் கரைக்கோட்டின் மேலேயே குறிக்க வேண்டும். வேதாரண்யம், தூத்துக்குடி, வேலூர், திருப்பூர், கயத்தாறு ஆகிய ஊர்களைத் தேர்வுக்கு முன் வெற்று வரைபடத்தில் பலமுறை குறித்துப் பழகினால், தேர்வு நாளில் கை தானே சரியான இடத்துக்குச் செல்லும்.

படி 8: தாளைக் கொடுக்கும் முன்

மிஞ்சிய நேரத்தில் முழு விடைத்தாளையும் முதலிலிருந்து படிக்க முயல வேண்டாம். பிழை பதுங்கும் இடங்களை மட்டும் தேடுங்கள். முதலில் வினா எண்கள்: விருப்பத்தேர்வில் எழுதிய வினாவின் எண்ணும் வினாத்தாளின் எண்ணும் ஒன்றா, கட்டாய வினா எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆண்டுகள்: இலக்கங்கள் இடம் மாறுவது அவசரத்தில் மிக எளிதாக நேரும் பிழை. 1757 பிளாசிப் போர், 1764 பக்சார் போர், 1760 வந்தவாசிப் போர் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிட்டோமா என்று ஒருமுறை பாருங்கள். அதன்பின் பெயர்கள்: இரண்டு மருது சகோதரர்களில் பெரிய மருதுவின் பெயர் வெள்ளை மருது, முதலாம் மகேந்திரவர்மன் தந்தை, முதலாம் நரசிம்மவர்மன் மகன். கடைசியாக, முதல் படியில் கோடிட்ட ஏவல் சொற்களுக்குத் திரும்பி, “விளக்குக” என்றிருந்த ஒவ்வொரு விடையிலும் “ஆகையால்”, “இதனால்”, “ஏனெனில்” போன்ற இணைப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள்; இல்லையென்றால், காரணத்தையும் விளைவையும் இணைக்கும் ஒரு வாக்கியத்தை விடையின் இறுதியில் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.